பெங்லாய்: காற்று எழுப்பும் நகரமும் காற்றை அடக்கிய முற்றமும்

பெங்லாய்க்குப் போய்ப் பார்க்க வேண்டியதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்க அந்த அதிர்ஷ்டம் தேவையில்லை. நாடகம் நடக்கும் நாளில் கோயில் முற்றத்தில் போய் நின்றால் போதும்.

சீனாவின் ஷான்டோங் தீபகற்பத்தின் வடகரையில், போஹாய்க் கடலும் மஞ்சள் கடலும் சந்திக்கும் இடத்தில், தான்யா என்றொரு செந்நிறப் பாறைக் குன்று செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அதன் உச்சியில் 1061-ஆம் ஆண்டு, வட சோங் பேரரசின் காலத்தில், எழுப்பப்பட்டது பெங்லாய் மாடம். சீனாவின் நான்கு பெரும் மாடங்கள் என்று அந்நாட்டார் சொல்லும் வரிசையில் இதுவும் ஒன்று. மற்ற மூன்றும் ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ நிற்பவை. இது மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. மாடத்தைச் சுற்றிக் கடல்நாக அரசனுக்கு ஒரு கோயில், தாவோ மதத்தாருக்கு ஒன்று, பௌத்தர்களுக்கு ஒன்று, மாலுமிகளைக் காக்கும் விண்ணரசிக்கு ஒன்று என்று குன்று முழுக்கக் கூரைகள். விண்ணரசி கோயிலின் முன்முற்றத்தில்தான் நாம் பேச வந்த நாடக மேடை இருக்கிறது.

சாகாத முனிவர்கள் வாழும் தீவு என்று பழஞ்சீனக் கதைகள் சொன்ன பெயர் பெங்லாய். சாகா மருந்து தேடி முதல் பேரரசன் சின் ஷி ஹுவாங் கி.மு. 219-இல் கடலுக்கு ஆள் அனுப்பியதும் இந்தத் திசையில்தான். அவன் ஏமாளி என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. இந்தக் கரையில் நின்றவர்கள் கடல்மேல் கோட்டைகளையும் கோபுரங்களையும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது பொய்யில்லை, அங்கே கோட்டை இருந்தது என்பதுதான் பொய். இடையில் நின்று விளையாடியது காற்று. அந்தக் காற்று இதே குன்றின்மேல் இன்னும் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது: விளக்கு அணையாத ஒரு மண்டபத்திலும், ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடக முற்றத்திலும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெங்லாய் புரியும்.

கடல்மேல் நகரம்

தெங்சோவ் என்பது இந்த ஊரின் பழைய நிர்வாகப் பெயர். தெங்சோவ் கடலில் அரண்மனை, மதில், வண்டி, குதிரை, மனிதர்கள் எல்லாம் தெளிவாகத் தெரிவதுண்டு என்று 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோ தம் குறிப்பேட்டில் எழுதினார். கடலடியில் கிடக்கும் பூதாகாரப் பிராணி விடும் மூச்சுதான் இப்படி உருவெடுக்கிறது என்று அப்போது ஊரார் நம்பினார்கள். ஷென் குவோ அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. வேறு விளக்கம் அவர் கொடுக்கவில்லை என்றாலும், சந்தேகப்பட்டதே பெரிய விஷயம்.

கவிஞர் சு தோங்போ 1085-இல் இந்த ஊருக்கு ஆட்சியராக வந்தார். பதவியில் இருந்தது ஐந்தே நாள். குளிர்காலம், மாயநகரம் தோன்றும் பருவம் இல்லை. கடல் தெய்வத்தை வேண்டிக்கொண்டதாகவும், மறுநாளே காட்சி கிடைத்ததாகவும் கவிதை எழுதிவிட்டுப் போனார். உண்மையிலேயே பார்த்தாரா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. 1624-இல் மாகாண அதிகாரி யுவான் கெலி பார்த்ததில் இந்தச் சிக்கல் இல்லை. கோடையின் நடுவில் முற்பகல் தொடங்கிப் பிற்பகல் வரை காட்சி நீடித்தது. தீவுகள் ஒன்றோடொன்று ஒட்டி மதிலாகி, மதில் கோபுரமாகி மாறியதை வரிசையாக எழுதிவைத்தார். அதைப் புகழ்பெற்ற எழுத்துக்கலைஞர் தொங் சிச்சாங் தம் கையால் எழுதித்தர, கல்லில் வெட்டினார்கள். 1988 ஜூனில் தோன்றிய காட்சி வீடியோவிலும் பதிவாகியிருக்கிறது. எனவே மனப்பிராந்தி என்று தள்ள வழியில்லை.

நடப்பது இதுதான். காற்றில் ஒளி ஓடும் வேகம் வெற்றிடத்தில் ஓடும் வேகத்தைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு? பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் ஒளி இன்னும் சற்று மெதுவாகப் போகும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் ஒளியின் வேகம் மாறுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தத் துளி வித்தியாசம் பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தொடர்ந்து சேர்ந்தால் கண்ணுக்கு எட்டும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் ஷான்டோங் நிலப்பரப்பு சூடேறிவிடுகிறது. கடல் மட்டும் குளிர்காலத்தின் குளிரை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. நிலத்தின் வெப்பக் காற்று மெல்ல நகர்ந்து கடல்மேல் படர்கிறது. நீரைத் தொடும் அடுக்கு குளிர்ந்துவிட, அதன் மேலடுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கிறது. சாதாரணமாக மேலே போகப்போகக் குளிரும் காற்று, இங்கே மேலே போகப்போகச் சூடாகிறது. வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பார்கள். இந்த அடுக்குகளின் ஊடே படுக்கைவாட்டில் வரும் ஒளியலையின் அடிப்பக்கம் மெதுவாகவும் மேல்பக்கம் வேகமாகவும் போகிறது. விளைவு, ஒளிக்கதிர் கீழ்நோக்கி வளைகிறது. ஒளி நேர்கோட்டில்தான் வந்தது என்று மூளை எடுத்துக்கொள்வதால், பொருளை இருக்கும் இடத்துக்கு மேலே தூக்கிவைத்துக் காட்டுகிறது. தார்ச்சாலையில் நாம் பார்க்கும் கானல் நீர் இதற்கு நேர் எதிர். அங்கே அடியில் சூடு, மேலே குளிர். ஆகவே ஆகாயம் தரையில் தெரிகிறது. பெங்லாயில் தரையில் இருப்பது ஆகாயத்தில் தெரிகிறது.

எவ்வளவு தலைகீழாக்கம் தேவை? ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.13 டிகிரி வீதம் சூடு ஏறினால், ஒளிக்கதிரின் வளைவு பூமியின் வளைவுக்குச் சமமாகிவிடும். 20 மீட்டர் தடிமனுள்ள அடுக்கில் இரண்டரை டிகிரி ஏறினாலே இந்தக் கணக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும் கரையும் மேலெழுந்து தெரியும். அடுக்குகள் சீராக இல்லாதபோது, ஒரே பொருளிலிருந்து பல பாதைகளில் கதிர்கள் வந்து சேரும். நேர் உருவம், அதன்மேல் தலைகீழ் உருவம், அதற்கும் மேலே மறுபடி நேர் உருவம் என்று அடுக்கிக்கொண்டு, இடைவெளிகள் செங்குத்தாக இழுபட்டுத் தூண்களாகத் தெரியும். பெங்லாய்க்கு வடக்கே சுமார் 7 கிலோமீட்டரில் தொடங்கி 30-க்கு மேற்பட்ட தீவுகள் கடலில் வரிசையாகக் கிடக்கின்றன. மாயநகரத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் அந்தத் தீவுகள்தான். ஒரு பாறை முனை இழுபட்டால் கோபுரம்; தாழ்ந்த கரை இழுபட்டால் மதில். அடுக்குகள் அலைய அலைய உருவமும் மாறும். அதனால்தான் யுவான் கெலி பார்த்த நகரம் மணிக்கு மணி மாறியது.

சுடர் அசையாத மண்டபம்

யுவான் கெலியின் கல்வெட்டு இருப்பது குன்றின் வடவிளிம்பில் உள்ள சிறிய மண்டபத்தில். மாயநகரத்தைப் பார்ப்பதற்காகவே 1513-இல் கட்டியது அது. இன்று அதற்குக் காற்றுத் தவிர்க்கும் மண்டபம் என்று பெயர். வாசல் கடலைப் பார்த்து வடக்கே திறந்திருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் சன்னல் கிடையாது. கடலிலிருந்து வாடை உரத்து வீசும்போது கதவை அகலத் திறந்துவைத்து, உள்ளே விளக்கேற்றினால் சுடர் அசையாது என்பது ஊர்ப் பெருமை.

கேட்க விந்தையாக இருந்தாலும் இதில் மந்திரம் இல்லை. முதல் காரணம் குன்று. கடலில் இருந்து வரும் காற்று செங்குத்துப் பாறையில் மோதி மேலே ஏறுகிறது. உச்சியில் உள்ள குட்டை மதிலைத் தாண்டும்போது அந்த வேகத்தோடு இன்னும் மேலே எழும்பி, மண்டபத்தின் கூரைக்கு மேலாகப் போய்விடுகிறது. மதிலுக்குப் பின்னால் வேகம் குறைந்த ஒரு நிழல் பகுதி உண்டாகிறது. இரண்டாவது காரணம் சன்னல் இல்லாமை. உள்ளே நுழையும் காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் அறைக்குள் அழுத்தம் சற்றுக் கூடி, வாசலோடு ஓட்டம் நின்றுவிடும். பின்சுவரில் ஒரு சன்னலைத் திறந்து வைத்தால் இந்தப் பெருமை அன்றோடு போச்சு. காற்றோட்டத்துக்கு எதிரெதிர்ச் சன்னல் வை என்று நம் கொத்தனார் சொல்வதன் மறுபக்கமே இது.

இந்த மண்டபத்தை வேடிக்கைக்காக இங்கே சேர்க்கவில்லை. திறந்தவெளியில் நாடகம் நடத்துகிறவனுக்கு முதல் எதிரி காற்று. எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து கேட்பவரின் தலைக்கு மேலாகப் போய்விடும். காதில் உரசும் காற்றின் இரைச்சல் மிச்சத்தையும் விழுங்கும். இப்படிப்பட்ட கடல்முனைக் குன்றில் நாடகம் போட வேண்டுமானால் முதலில் காற்றை வெளியே நிறுத்தியாக வேண்டும். சுற்றிக் கட்டிய கோயில் முற்றம் அந்த வேலையைச் செய்கிறது.

தெய்வம் பார்க்கும் நாடகம்

விண்ணரசியாக வணங்கப்படுபவள் ஃபூஜியன் மாகாணத்து மெய்சோவ் தீவில் 960-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு மீனவப் பெண். கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றினாள் என்று மக்கள் கோயில் எடுக்க, அரசர்கள் பட்டம்மேல் பட்டம் கொடுத்துக் கடைசியில் விண்ணரசி ஆக்கினார்கள். தெற்கிலிருந்து தானியமும் சரக்கும் ஏற்றி வடக்கே வந்த கப்பல்கள் ஷான்டோங் முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மாலுமிகள் தங்கள் அம்மனையும் கூடவே கொண்டுவந்தார்கள். பெங்லாயில் அவளுக்குக் கோயில் அமைந்தது அப்படித்தான்.

அம்மனுக்கு விழா என்றால் நாடகம் உண்டு. சீனக் கோயில் மேடைகளின் பொது இலக்கணம் இது: மேடை சந்நிதியை நேருக்கு நேர் பார்க்கும்; நடிகர்கள் பாடுவது தெய்வத்துக்கு; இரண்டுக்கும் நடுவில் உள்ள முற்றத்தில் மக்கள் நின்று பார்ப்பார்கள். தலைமை ரசிகர் தெய்வம்தான் என்பதால் மேடைக்கும் சந்நிதிக்கும் உள்ள தூரத்தை இஷ்டம்போல் நீட்ட முடியாது. பக்தியிலிருந்து பிறந்த இந்த விதி, ஒலியியலுக்குப் பெரிய உபகாரமாக அமைந்துவிட்டது. பெங்லாயின் முற்றத்தில் கூடுதலாக ஆறு செம்பாறைகளும் இணை இணையாக நிற்கின்றன. குன்றின் பாறைகளை வெட்டி எறியாமல் முற்றத்துக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த வகை மேடை ஒரே நாளில் வந்துவிடவில்லை. சீனாவில் எஞ்சியிருப்பவற்றில் காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய மேடை ஷான்ஷி மாகாணத்தின் வாங்பாவ் கிராமத்தில் உள்ள 1183-ஆம் ஆண்டு மேடை. லின்ஃபென் பகுதியில் 1283-ஆம் ஆண்டைக் கல்தூணில் தாங்கிய இன்னொன்று இருக்கிறது. அதில் பின்பக்கம் முழுச்சுவர். பக்கவாட்டில் பின்பகுதிக்கு மட்டும் சுவர். முன்னால் மூன்று பக்கமும் திறப்பு. நாலாபக்கமும் ரசிகர் சூழ்ந்து நின்ற பழைய ஆட்டக்களம், பின்சுவர் எழுந்ததும் ஒரு முகம் பெற்றது. ஒலிக்கும் இதனால் லாபம். பின்னால் போய் வீணாகியிருக்கும் குரல் சுவரில் பட்டு முன்னால் திரும்புகிறது. ரசிகருக்குப் போய்ச் சேரும் ஒலியாற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். டெசிபெல் கணக்கில் 3 கூடும்.

மேடையை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியதிலும் ஒரு கணக்கு உண்டு. மனிதத் தலைகளை உரசிக்கொண்டு போகும் ஒலியைத் துணியும் தலைமுடியும் உறிஞ்சிவிடும். பாடுகிறவரின் வாய் தலைகளுக்கு மேலே இருந்தால், பின்வரிசைக்கும் குரல் தடையில்லாமல் போகும். உயர்த்திக் கட்டியவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். கண்ணுக்குச் செய்த வசதி காதுக்கும் கிடைத்தது.

ஒலிக்கு வெப்பம் இன்னும் பெரிய விஷயம்

ஒளியை வளைத்த வெப்பநிலைத் தலைகீழாக்கம் ஒலியை வளைக்காதா? தாராளமாக வளைக்கும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. ஆயிரத்தில் கிட்டத்தட்ட 2 பங்கு. ஒளிக்கு இதே ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அதாவது வெப்ப வித்தியாசத்துக்கு ஒலி, ஒளியைவிட ஏறக்குறைய 1,800 மடங்கு அதிகமாக ஆடும்.

மாயநகரம் தோன்றும் அளவை ஒட்டி, மீட்டருக்கு 0.1 டிகிரி வீதம் சூடு ஏறும் காற்றை எடுத்துக்கொள்வோம். அதில் படுக்கைவாட்டில் கிளம்பும் ஒலி 500 மீட்டர் போவதற்குள் 20 மீட்டருக்கு மேல் கீழே வளைந்துவிடும். மேலே தப்பிப்போக வேண்டிய ஒலி நீர்ப்பரப்புக்கே திரும்பி வருகிறது. அமைதியான மாலைகளில் ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு இந்தக் கரையில் கேட்பது இதனால்தான். மாயநகரம் தெரியும் நாளில் குன்றின்மேல் அடிக்கும் பறை படகில் இருப்பவருக்கும் கேட்க நல்ல வாய்ப்பு உண்டு. வெயில் கொளுத்தும் நண்பகலில் தரை சூடாகி, அடியில் வெப்பமும் மேலே குளிர்ச்சியுமாக அடுக்குகள் மாறும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து தொலைந்துபோகும்.

அதே கணக்கை முற்றத்துக்குள் போட்டால், 25 மீட்டர் தூரத்தில் வளைவு 5 சென்டிமீட்டர்தான். காதுக்கு இது ஒன்றுமே இல்லை. திறந்தவெளியில் காற்றின் தயவில் இருந்த ஒலி, முற்றத்துக்குள் வந்ததும் அந்தத் தயவிலிருந்து விடுபட்டுவிடுகிறது. இனி அதை ஆள்வது சுவரும் தூரமும்தான்.

பதினேழு மீட்டர் விதி

ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. மூலத்திலிருந்து நேராக வரும் குரலும், சுவரில் பட்டுச் சுற்றி வரும் அதே குரலும் மிகக் குறுகிய இடைவெளியில் வந்து சேர்ந்தால், காது அவற்றை இரண்டாகப் பிரிக்காது. ஒரே குரலாக, இன்னும் வலுவான குரலாகவே கேட்கும். பேச்சுக்கு இந்த எல்லை சுமார் 50 மில்லி விநாடி. 1949-இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. 50 மில்லி விநாடியில் ஒலி ஓடும் தூரம் 17 மீட்டர். சுற்றி வரும் பாதை நேர்ப்பாதையைவிட 17 மீட்டருக்குள் கூடுதலாக இருந்தால் சுவர் நமக்கு நண்பன். அதைத் தாண்டினால் எதிரொலி, சொல் குழம்பும்.

ஒரு முற்றத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போடலாம். நடிகரிடமிருந்து 8 மீட்டரில் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் 7 மீட்டரில் சந்நிதியின் முன்சுவர். நேராக வரும் குரலுக்கு 8 மீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் குரலுக்கு 22 மீட்டர். வித்தியாசம் 14 மீட்டர், 41 மில்லி விநாடி. காது இரண்டையும் கூட்டிக்கொள்ளும். மேடையோரம் 3 மீட்டரில் நிற்பவருக்குக் கணக்கு மாறும். அவருக்குச் சுவரொலி 27 மீட்டர் சுற்றி, 70 மில்லி விநாடி தாமதமாக வருகிறது. ஆனால் தூரத்தால் அது நேரொலியைவிட 19 டெசிபெல் பலவீனமாகிவிடுகிறது. நடுவில் நிற்கும் கூட்டமும் அதைத் தின்றுவிடும். பக்கச் சுவர்கள் இடையிலேயே சின்னச் சின்னப் பிரதிபலிப்புகளைக் கொடுத்து இடைவெளியை நிரப்பிவிடும். பெரும்பாலான கோயில் முற்றங்கள் இந்த அளவுகளை ஒட்டியே இருப்பதால்தான் ஒலிபெருக்கி இல்லாமல் பல நூற்றாண்டு நாடகம் நடந்தது.

கூரை இல்லாத அரங்கு

அரங்க ஒலியியலுக்கு அடித்தளம் போட்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-இல் ஒரு விரிவுரைக் கூடத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கிய அவர், ஒலியை உறிஞ்சும் திறனுக்குத் திறந்த சன்னலை அளவுகோலாக வைத்தார். சன்னல் வழியே போன ஒலி திரும்பாது. ஆகவே அது நூறு சதவீத உறிஞ்சி. இந்தக் கணக்கில் சீன முற்றம் என்பது தலைக்கு மேலே பிரம்மாண்டமான திறந்த சன்னல் வைத்த அறை. 20 மீட்டர் சதுர முற்றம், 5 மீட்டர் உயரச் சுவர் என்று வைத்துக்கொண்டு சபைன் சூத்திரத்தைப் போட்டால், காலி முற்றத்தில் ஒலி அடங்க முக்கால் விநாடி ஆகும். ஆள் நிறைந்தால் அரை விநாடிக்கும் குறைவு. மேற்கத்திய இசைக் கூடங்களில் இது சுமார் 2 விநாடி.

சூத்திரத்தை அப்படியே நம்பவும் கூடாது. ஒலி எல்லாத் திசையிலும் சமமாகக் கலந்திருக்கும் மூடிய அறைக்காக எழுதப்பட்டது அது. முற்றத்தில் மேலே போனது திரும்பாது, படுக்கைவாட்டில் சுவருக்குச் சுவர் ஓடும் ஒலி மட்டும் கொஞ்சம் தங்கும். இந்தச் சிக்கலை எடுத்துப் பேசியவர் ஷாங்காய் தோங்ஜி பல்கலைக்கழகத்தின் வாங் ஜிச்சிங். சீன முற்ற அரங்குகளை அடங்கும் நேரம் என்ற ஒற்றை எண்ணால் எடைபோட முடியாது, முதலில் வந்து சேரும் பிரதிபலிப்புகளைத்தான் பார்க்க வேண்டும் என்ற திசையில் ஆராய்ச்சியைத் திருப்பியவர் அவர்.

ஒலி சீக்கிரம் அடங்குவது சீன நாடகத்துக்குக் குறை இல்லை, வரம். அதன் உயிர் தாளவாத்தியத்தில் இருக்கிறது. மரக்கட்டை, சிறுபறை, பெரிய சேகண்டி, சிறிய சேகண்டி எல்லாம் நொடிக்கு நொடி மாறி நடிகரின் ஒவ்வொரு அடிக்கும் திரும்பலுக்கும் குறி சொல்லும். இரண்டு சேகண்டிகளையும் கூர்ந்து கேட்டால் ஒரு வேடிக்கை தெரியும். பெரியது அடித்தவுடன் உயர்ந்த சுருதியில் தொடங்கிக் கீழே வழுக்கும். சிறியது கீழே தொடங்கி மேலே ஏறும். காரணம் உலோகத்தின் வடிவம். தட்டையான நடுப்பகுதி கொண்ட பெரிய சேகண்டி ஓங்கி அடிபடும்போது தகடு இழுபட்டு விறைக்கிறது. அதனால் சுருதி ஏறி நின்று, அதிர்வு தணியத் தணிய இறங்குகிறது. நடுவில் சற்றே குவிந்த சிறிய சேகண்டியில், பலத்த அதிர்வு குவிவின் விறைப்பைக் குறைத்துவிடுகிறது. அதிர்வு தணியும்போது விறைப்பு மீண்டு சுருதி ஏறுகிறது. ஆஸ்திரேலிய இயற்பியலாளர் நெவில் ஃப்ளெட்சர் 1985-இல் இதைக் கணிதத்தில் நிறுவினார். இரண்டு விநாடி முழங்கும் கூடத்தில் இந்த வழுக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். முற்றத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும்.

ஜாடியும் கிணறும்

பழைய மேடை எதுவானாலும் வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு: மேடைக்கு அடியில் மண்ஜாடிகளைப் புதைத்திருக்கிறார்கள், குரலைப் பெருக்குவதற்காக. சில மேடைகளின் கீழே ஜாடிகள் உண்மையிலேயே இருக்கின்றன. பீஜிங் அரண்மனையில் 1776-இல் முடிந்த சாங்யின் மாடத்தின் மூன்றடுக்கு மேடைக்கும், கோடை அரண்மனையில் 1890-களில் கட்டிய தெஹெ தோட்டத்தின் 21 மீட்டர் உயர மேடைக்கும் அடியில் கிணறு உண்டு. அதையும் ஒலிக்காகத்தான் என்பார்கள்.

கணக்குக் கேட்போம். ஜாடிக்குள் இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் அதிரும். 100 லிட்டர் கொள்ளும், 30 சென்டிமீட்டர் வாயுள்ள ஜாடிக்கு அந்தச் சுருதி சுமார் 90 ஹெர்ட்ஸ். பெரிய பறையின் அடிநாதம் அங்கே இருக்கலாம். பாடுகிறவரின் குரல் அதற்கு மிக மேலே. சொல்லைப் புரியவைக்கும் மெய்யொலிகள் இருப்பது 1,000-இலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரை. போதாக்குறைக்கு, ஜாடி தானாக ஆற்றலை உண்டாக்காது. வந்த ஒலியில் கொஞ்சத்தை வாங்கி, ஒரு பங்கை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைத் தாமதமாகத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அதுவும் பலகைத் தளத்துக்கு அடியில் மூடிக்கிடக்கும் ஜாடிக்குக் குரல் போய்ச் சேர்வதே அரிது. வாங் ஜிச்சிங்கும் இந்த ஜாடிக் கதையைச் சந்தேகத்தோடுதான் அணுகினார். அரண்மனை மேடைகளின் அடித்தளத்துக்கு உறுதியான வேறு வேலை இருந்தது. தளத்தில் கதவுகள் திறந்து, கீழிருந்து நடிகர்களும் தாமரைகளும் உருளையால் மேலேறி வருவார்கள், நீரும் பீச்சும். பேய்கள் பூமியிலிருந்து வர வேண்டும், தேவர்கள் மேல்தளத்திலிருந்து இறங்க வேண்டும் என்பதற்காக எழுந்த பொறியியல் அது.

தலைக்கு மேல் சில மேடைகளில் காணும் குழிந்த மரவிதானத்தின் கதை வேறு. குழிந்த விதானம் ஒலியைக் குவிக்கும். 3 மீட்டர் வளைவு ஆரம் கொண்ட குழிவின் குவியம் அதற்குக் கீழே ஒன்றரை மீட்டரில் விழும். எனவே விதானத்தின் பலன் ரசிகருக்குப் போவதைவிட நடிகருக்குத்தான் அதிகம் போகிறது. தன் குரல் தனக்கே நன்றாகக் கேட்கும்போது பாடகர் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை. திறந்தவெளியில் பாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எதைக் காப்பாற்றுகிறோம்

ஆக, பெங்லாயின் மேடையைப் பேசவைப்பது மந்திரமும் இல்லை, புதைத்த ஜாடியும் இல்லை. காற்றை வெளியே நிறுத்திய சுவர்கள், தெய்வத்துக்கு எட்டும் அளவான தூரம், பின்சுவர், தலைக்கு மேல் உயர்ந்த தளம், கூரை இல்லாத வானம் ஆகிய ஐந்தும்தான். அவற்றில் ஒன்றுகூட முதலில் ஒலிக்காகக் கட்டப்படவில்லை. வழிபாடும் தட்பவெப்பமும் கூட்டத்தின் வசதியும் கேட்டதைத் தச்சர்கள் கட்டினார்கள். நன்றாகக் கேட்ட முற்றத்தைப் பார்த்து அடுத்த ஊர்க்காரரும் அதே அளவில் கட்டினார். சூத்திரம் இல்லாத காலத்தில் அறிவு இப்படித்தான் கைமாறியது.

இதிலிருந்து பாதுகாப்புக்கு ஒரு பாடம் இருக்கிறது. பழைய மேடை என்றதும் நாம் தூணுக்கு வர்ணம் பூசி, சிற்பத்தைத் துடைத்து, மேடையை மட்டும் பத்திரப்படுத்துகிறோம். எதிர்ச்சுவரை இடித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு வழி அகலப்படுத்தினால் 41 மில்லி விநாடிப் பிரதிபலிப்பு போய்விடும். முற்றத்துக்குமேல் கண்ணாடிக் கூரை போட்டால் முக்கால் விநாடி பல மடங்கு நீண்டு, சேகண்டியின் வழுக்கல் மறைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி வைத்தால் சுவர்களுக்கு வேலையே இல்லை. குரல் நடிகரின் வாயிலிருந்து வராமல் பெட்டியிலிருந்து வரும். கட்டடம் பழையபடி நிற்கும், ஆனால் அரங்கு செத்துப்போயிருக்கும். மேடை என்பது பாதிக் கருவிதான். மறுபாதி அதன் எதிரே உள்ள வெற்றிடம். அந்த வெற்றிடத்தையும் அளந்து, ஒலியைப் பதிவுசெய்து, பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.